இத்தனூண்டு

கண்ணிமைப்பதற்குள் பிரபஞ்சம் ஊதிப் பெருத்த கதையை ஆறு வருடம் ஆராய்ந்த தவசீலனுக்கு, அன்று டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. முன்வரிசையில் பட்டுப்புடவையில் அம்மா.

“பிரபஞ்சம் ஊதிப் பெருக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?” என்றார் தேர்வாளர்.

மேடையில் நின்ற தவசீலன் பதில் மறந்துபோய், இரண்டு விரல்களை நெருக்கி, “இத்தனூண்டு சார்” என்று காட்டினான்.

“இன்னும் சின்னது தம்பி.”

நெருக்கினான்.

“இன்னும்.”

விரல்கள் ஒட்டிக்கொண்டன. யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் காது மடல் வரை கூசியது.

“சரி, எப்படிப் பெருத்துச்சு? காட்டுங்க.”

விரல்கள் பிரியவில்லை. உதறினான், இழுத்தான்.

“கை மரத்துப்போச்சா கண்ணு?” அம்மா மேடையேறி, அத்தனை பேர் முன்னாலும் அவன் விரல்களைப் பிரிக்கத் தொடங்கினாள். அவன் தலை நிமிரவேயில்லை.

அந்த விரலிடுக்கையே பார்த்தபடி தேர்வாளர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

“மெதுவாம்மா, மெதுவா.”