கைப்பிடி இல்லாத படிக்கட்டு

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், ஒரு நாடக அரங்கில் காலை ஒத்திகை நின்றுபோயிருக்கிறது. இருபது படி உயரத்தில், வெள்ளை விளக்கொளியில், முதிய நடிகர் டெஸ்மண்ட் நிற்கிறார். ஆறு மாதத்துக்கு முன் இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருடைய நிழல் ஒவ்வொரு படியிலும் மடிந்து மடிந்து கீழே வருகிறது. பார்வையாளர் வரிசையில் மேடை வடிவமைப்பாளர் மெரிடித் உட்கார்ந்திருக்கிறாள். கட்டடக்கலை படித்தவள், சுவரிலிருந்து காகிதம்போல் நீளும் இந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடியே கூடாது என்று மூன்று வாரம் வாதாடி வென்றவள்.

"இந்தத் தடவையும் இறங்க முடியலைன்னா வேற ஆளைப் பாத்துடலாம்." இயக்குநர் மெதுவாகத்தான் சொல்கிறார். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிடுகிறது.

"நான் என்ன மலை ஆடா, தாவித் தாவி வர? இருங்கப்பா, இறங்குறேன்." டெஸ்மண்ட் சிரிக்கிறார். வலது கால் ஒரு படி இறங்குகிறது. இடது கை தானாக விலகி, வெறும் காற்றில் எதையோ தேடி, விரல்களை மடக்கிக்கொள்கிறது.

ஆண்டவரே, இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று மெரிடித் பதறி எழுகிறாள். "டெஸ்மண்ட், கையை அப்படியே வச்சிருங்க! க்ளெம், டேப்போட மேல போ."

"கைப்பிடின்னு சொன்னதுக்கு நேத்து என்னைக் கொல்ல வந்தியே?" என்கிறான் தச்சன் க்ளெம்.

"இன்னிக்கு நீ என்னைக் கொல்லு. முதல்ல அவர் கை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அள."

க்ளெம் ஏறி, டேப்பை இழுக்கிறான். "தொண்ணூத்தி மூணு சென்டிமீட்டர்!"

அளந்து முடிந்த பிறகும் அந்தக் கை கீழே வரவில்லை. க்ளெம் ஒரு படி இறங்கிக் குனிந்து தன் தோளை அதற்கு அடியில் கொடுக்கிறான்.