ஐந்தாவது படம்

"இந்தப் படத்துல இருக்கிற அழகைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுத் தரணும்ணே."

கிருஷ்ணராஜுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பதுளையில் பத்து வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவர். கறுப்பைச் சிவப்பாக்கச் சொல்வார்கள், வழுக்கையில் முடி முளைக்க வைக்கச் சொல்வார்கள். அழகைக் குறைக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் படியேறியதில்லை.

வந்தவள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து பஸ்ஸில் வந்து இறங்கியவள். வெளியே மூடுபனி தெருவையே விழுங்கிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் தலையையும் காதையும் இழுத்து மூடியிருந்தாள். பைக்குள்ளிருந்து சட்டம் போட்ட படமொன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பார்த்ததும் மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் எடுத்த படம்! ஐந்து வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், யாரோ ஒரு தோட்டத்துப் பெண்ணை உட்கார வைத்துத் தன் வித்தையெல்லாம் காட்டியிருந்தார். அவளுடைய நிஜ முகம் மறந்துபோனது, வெளிச்சம் மறக்கவில்லை. கன்னத்தில் தேங்காயெண்ணெய் தடவி மினுங்க வைத்தது, வெள்ளைக் குடைக்குள் விளக்கைப் போட்டு இரண்டு கண்ணிலும் நிலா இறக்கியது, பின்னாலிருந்து இன்னொரு விளக்கடித்துக் கூந்தல் ஓரத்தைப் பொன்னாக்கியது எல்லாம் அப்படியே நினைவிருந்தது. பிறகு மூன்று நாள் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்து, தோலில் ஒரு புள்ளி விடாமல் துடைத்து, முதுகுக்குப் பின்னால் ஓர் அருவியை விழ வைத்தார். வரைந்ததா, பிடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் பெரிய பிரதி இன்றைக்கும் கடை வாசலில் தொங்குகிறது. "அந்த அக்கா மாதிரி எடுங்க" என்றுதான் பெண்பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.

அடுத்த நொடியே பெருமை அடங்கிவிட்டது. சட்டக் கண்ணாடியில், நெற்றிக்கு நேரே சந்தனமும் குங்குமமும் இருந்தன. மேலே வாடிய பூச்சரம். அடப்பாவமே, அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாளா? எப்போது, எப்படி என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"பொட்டு யாரும்மா வைக்கிறது?"

"நிரஞ்சலாண்ணே. ஆறு வயசு. காலையில எந்திரிச்சதும் சாமிக்கு வைக்கிற மாதிரி இதுக்குப் பொட்டும் பூவும் வச்சுட்டுத்தான் தேத்தண்ணியே குடிக்கும். பள்ளிக்கூடத்துல நடந்ததெல்லாம் இதுகிட்டதான் சொல்லும்."

"உங்க புள்ளையா?"

"என் புள்ளைதான்." தயங்கினாள். "ஆனா அது அப்படி நெனைக்கலை. நான் அந்த வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிடலை. கிட்டப் போனா, இந்தப் படத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மூலையில போயி உக்காந்துருது."

கிருஷ்ணராஜுக்கு விளங்கிவிட்டது. மாற்றாந்தாய்!

"சரி, அதுக்கு என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"அஞ்சு படம் வேணும். மொதப் படத்துல அருவி வேணாம். ரெண்டாவதுல இந்த மினுமினுப்பு வேணாம். மூணாவதுல நெறத்தக் கொறைச்சிருங்க. நாலாவதுல கண்ணுக்குக் கீழ கறுப்பு போட்டு, கன்னத்த ஒட்டவச்சிருங்க. வாரத்துக்கு ஒண்ணாச் சட்டத்துல மாத்திருவேன். புள்ளைக்குத் தெரியாது."

"அஞ்சாவதுல?"

"அந்த நாலும் முடியட்டும்ணே, சொல்றேன்."

தாய் இல்லாத பிள்ளைக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு முகம்தான். அதையும் கெடுக்கச் சொல்கிறாளே! போய் வாங்க என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அழுகிறவர்களிடம் கோபித்துக்கொள்ள கிருஷ்ணராஜுக்கு ஒருநாளும் வந்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டார்.

அருவி போயிற்று. கூந்தல் ஓரத்துப் பொன் அணைந்தது. கண்ணிலிருந்த நிலா இரண்டும் மெல்ல மறைந்தன. ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே திரையின் நீல வெளிச்சம். தேவலோகத்துப் பெண்ணொருத்தி படிப்படியாக இறங்கி, தேயிலை மலையில் வந்து நிற்பதைப்போல் இருந்தது. கிருஷ்ணராஜுக்கு நேரம் போனதே தெரியவில்லை. அரைத்தூக்கத்தில் கனவு காண்கிற மாதிரி கை மட்டும் தானாக ஓடியது. நாலாவது முகம் திரையில் வந்தபோது ஆச்சரியமாக இருந்தது. களைத்த முகம், ஒட்டிய கன்னம். ஆனாலும் இதைப் பார்த்தால்தான் "சாப்பிட்டியா?" என்று கேட்கிற முகமாகத் தெரிந்தது. இவளைப்போய் இத்தனை வருஷம் பொம்மையாக்கி வைத்திருந்தோமே என்று அவருக்கு மனசு கஷ்டப்பட்டது.

"நாலும் முடிஞ்சுது. அஞ்சாவதைச் சொல்லுங்க."

அவள் எழுந்துபோய்க் கேமராவுக்கு முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தலையில் போட்டிருந்த சேலைத் தலைப்பை இறக்கினாள்.

"இப்ப இருக்கிறபடியே என்னைய எடுங்க. எண்ணெய் வேணாம், குடை வெளக்கு வேணாம். பொறவு ஒண்ணையும் துடைக்கவும் வேணாம்."

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது கிருஷ்ணராஜுக்கு வெடித்துவிட்டது.

"அதானே பாத்தேன்! செத்துப்போன தாயோட முகத்த அஞ்சு வாரத்துல அழிச்சுட்டு, அந்த எடத்துல நீங்க வந்து உக்காரப் போறீங்க. இதுக்கு நான் கூட்டா? அந்தப் பச்சப்புள்ளையோட பாவம் நம்மளச் சும்மா விடுமா?"

அவள் கோபிக்கவில்லை. கேமராவைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்:

"யாரும் சாகலைண்ணே, புள்ளைக்கு ஒரு வயசா இருக்கையில வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயி, இப்பதான் திரும்பி வந்திருக்கேன். அந்தப் படத்த எடுத்த உங்களுக்கே அது நான்தான்னு தெரியலை, ஆறு வயசுப் புள்ளைக்கு எப்படிண்ணே தெரியும்?"