டிராம்போனில் தேங்கிய நீர்

பொய்யை மட்டும் பொறுக்க மாட்டாதவர் அந்த ஜாஸ் கலைஞர். மறுநாள் கச்சேரிக்கென்று வாங்கிய பழைய டிராம்போனை ஒருமுறைகூட ஊதாமல், கொதிப்போடு கடைக்குத் திரும்பினார்.

"பதினோரு வருஷமா யாரும் வாயே வைக்கலைன்னீங்களே அண்ணே?"

ஊதுபவரின் மூச்சு அக்கருவியின் வளைவில் நீராகத் திரளும். பத்து நிமிடம் ஊதினாலே போதும். கலைஞர் அடியிலிருந்த சிறு மூடியைத் திறந்தார். வெதுவெதுப்பான நீர் மேசையில் வடிந்தது.

"வாசிச்சவர் போய்ச் சேர்ந்தே பதினோரு வருஷம்," என்றார் கடைக்காரர். "வீட்ல ஊதிட்டு வந்து எங்கிட்ட பாயறீங்களா?"

"என்னையே பொய்யனாக்கறீங்களா? இருங்க."

குழாயைக் கழற்றி உட்புறத்தைத் துணியால் துடைத்து மாட்டினார். கடைக்காரரின் கண்முன்னே, முகம் சிவக்க அரை மணி நேரம் ஊதினார்.

"இப்ப வரும் பாருங்க, இதுதான் என்னோடது."

மூடியைத் திறந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. கருவியைக் குலுக்கினார், கவிழ்த்தார். உள்ளே விரல் விட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது.

"ஊதினது நான். என் மூச்சு எங்கண்ணே போச்சு? நாளைக்குக் கச்சேரி இருக்கு எனக்கு."

 கடைக்காரர் மேசையில் முன்பு வடிந்த நீரின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது இன்னும் ஆறியிருக்கவில்லை.