முன்குறிக்கப்பட்டவர்கள்

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் மெக்கானிக் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்த போதகர் அவனருகில் நின்றார்.

"என்னப்பா, வீட்டுக்குப் போகலையா?"

"ஒரு சந்தேகம் ஐயா. யாரை ரட்சிக்கணும்னு ஆண்டவர் முன்னாடியே குறிச்சுட்டார்னு பிரசங்கம் பண்ணீங்க. அப்ப, ஒருத்தர் திரும்பி வரணும்னு தவிச்சாலும், அவரைக் குறிக்கலைன்னா கதவு திறக்காதா?"

போதகர் புன்னகைத்தார். "குறிக்காதவனுக்கு அந்தத் தவிப்பே வராதுப்பா. உனக்குள்ள இருக்கிற ஏக்கமே அவர் கூப்பிடுற சத்தம்தான். வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

"எனக்கு ஒரு குழப்பமும் இல்லை." ஆலயத்துக்குள் எப்போதும் 'ஐயா' என்றே கூப்பிடுகிறவன், அன்று "மாமா" என்றான். "உங்க பொண்ணுதான் கேட்டுட்டு வரச் சொன்னா. வெளியே கார்ல உக்காந்திருக்கா."

தன் குழந்தையை அடக்கம் செய்த நாளில், 'இனி உங்க ஆண்டவர் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போன மகள்.

போதகர் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினார். காரின் பின்சீட்டில் அவள் தலைகுனிந்திருந்தாள். 'உள்ளே வா' என்று கூப்பிட வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டுக் கார் கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று சொல்லி, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.