வலையில் வந்த எஞ்சின்

"இது எங்க வூட்டுக்காரரோடதுதானான்னு பாத்துச் சொல்லுவியா பாப்பா?" என்று அஞ்சுகம் கேட்டாள்.

மாடல் விமானங்களில் பூட்டும் பழைய சின்ன எஞ்சின்களைச் சுத்தம் செய்து, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது நுஸ்ரத்தின் வேலை. அஞ்சுகம் கொண்டுவந்த இந்த எஞ்சின் காரைக்கால்மேட்டு மீனவர் வலையில் சிப்பி அப்பிக் கிடைத்தது. அவள் கணவன் ஆனந்தராஜ் பறக்கவிட்ட விமானம் கடலில் விழ, எடுக்க நீந்திப் போனவன் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. எஞ்சின் அவனுடையது என்றால் வெள்ளிக்கிழமை கருமாதி என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் வாசலில் காத்திருந்தான்.

"பின்மூடியில ஒரு திருகாணி என் தையல் மெஷினோடது. கேக்காமலே கழட்டிப் போட்டுக்கிட்டாரு மனுஷன்" என்றாள் அஞ்சுகம்.

வினிகரில் ஊறவைத்துச் சுரண்டியதும் அந்தத் திருகாணி தெரிந்தது. நுஸ்ரத் மூடியைக் கழற்றினாள். உள்ளே துரு இல்லை, உப்பு இல்லை. எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெயும் ஈதரும் புதிதாக மணந்தன. ஈதர் சற்று நேரத்தில் ஆவியாகிவிடக்கூடியது.

அஞ்சுகம் தொட்டுப் பார்த்தாள். "சுடுதே. வெந்நீர்ல போட்டியா?"

"இல்லக்கா. இப்பத்தான் ஓடி நின்ன மாதிரி இருக்கு."

அஞ்சுகம் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணி, அண்ணனோடதா?" என்று எழுந்து நின்ற கொழுந்தனைக் கடந்து, தெருவில் இறங்கி நடந்தாள்.