x அளவு ஸ்வெட்டர்

ஃபரோ தீவுகளில் இதுவரை பிறந்த அத்தனை பேருக்கும், இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கும், வழி தப்பி வரும் திமிங்கிலங்களுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு ஸ்வெட்டரைத் தான் அரைத்தாளில் செய்து முடித்துவிட்டதாக எல்ஸ்பா அறிவித்தாள்.

வியாழக்கிழமைப் பின்னல் கூட்டத்தில் ஏழு பெண்களின் ஊசிகளும் ஒன்றாக நின்றன. ஒருத்திக்கு ருபார்ப் கேக் புரையேறியது.

"யாரையும் அளக்காமலா?"

"அளவு நாடாவைத் தொடவே இல்லை. அது கோவிச்சிக்கிட்டு மேஜைக்குள்ள சுருண்டு படுத்திருக்கு."

எல்ஸ்பா முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில் சமைத்தவள். பயணத்துக்குப் பயணம் ஆள் எண்ணிக்கை மாறும் என்பதால், சூப்புக் குறிப்பில் ஆட்களை x என்றே எழுதி வைத்திருந்தாள். ஆளுக்கு மூன்று உருளைக்கிழங்கு, ஆக மூன்று x. பானைக்கென்று இரண்டு கூட. ஒன்பது பேர் ஏறினாலும் தொண்ணூறாயிரம் பேர் ஏறினாலும் குறிப்பு மாறாது.

ஸ்வெட்டரும் அப்படித்தான். மார்பளவு x சென்டிமீட்டர். எட்டைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் உடம்புக்கு வேண்டிய பின்னல் கண்ணிகள். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு கைக்கு.

எல்லோரும் ஹெர்போர்க்கைப் பார்த்தார்கள். அவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முத்திரை விழாத எதையும் நம்பாதவள். அந்தத் தாளைப் பார்த்து முதலில் பின்னியவளும் அவள்தான்.

அது சில மாதங்களுக்கு முன்பு. பின்னிய கோலத்தை எல்ஸ்பா மட்டுமே பார்த்திருந்தாள்.

ஹெர்போர்க்கின் மகள் ஸோல்ருன் கோபன்ஹேகனில் இருக்கிறாள். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. சண்டை எதற்கு என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. யார் முதலில் ஃபோன் செய்ய வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. ஒரு பையன் பிறந்திருப்பதாகக் காற்றுவாக்கில் கேள்வி.

அவனுக்குத்தான் ஸ்வெட்டர். உடம்பைப் பின்னும்போது, நான்கு வயதிருக்கும் என்று x-க்கு 57 போட்டாள். இடது கைக்கு வருவதற்குள், வளர்ந்திருப்பானே என்று 62. வலது கைக்கு, யார் கண்டது, தாத்தாவின் உடம்பு வாகு வந்திருந்தால் என்று 80.

வலது கைக்குள் ஒரு செம்மறி ஆடு குட்டிகளோடு குடித்தனம் நடத்தலாம்.

"எழுத்துதானே, என்ன வேணா போடலாம்னு நீதானடி சொன்ன!"

"போடலாம்டி. ஆனா ஒண்ணைப் போட்டா அந்த ஸ்வெட்டர் முடியுற வரைக்கும் அதேதான். இடது கைக்கு ஒரு பையன், வலது கைக்கு ஒரு பையனா?"

ஹெர்போர்க் ஊசியைக் கீழே வைத்தாள்.

"அவன் எவ்வளவு இருப்பான்னு எனக்குத் தெரியலையே, எல்ஸ்பா."

எல்ஸ்பா ஸ்வெட்டரை வாங்கிப் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றினாள். "தெரியாட்டி x-ஆவே இருக்கட்டும். ஸோல்ருனுக்குத் தாளை மட்டும் அனுப்பு."

"நான் போய்க் கேக்க மாட்டேன்."

"நீ எங்கடி கேக்குற? தாள்தானே கேக்குது."

தாள் போனது. அடியில் 'x =' என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

அதன் பிறகு, பதில் வந்ததா என்று கேட்டால் ஹெர்போர்க் மழையைப் பற்றிப் பேசினாள். எல்ஸ்பா கேட்பதை நிறுத்திவிட்டு, ஸ்வெட்டர் பிரமாதமாகப் பொருந்திவிட்டது என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். தெரியாததை எல்லாம் நல்லபடியாக நினைத்துக்கொள்வதில் அவளுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

"இவ புளுகுறாதானே, ஹெர்போர்க்?" என்றாள் இன்றைய கூட்டத்தில் கேக் புரையேறியவள், கண்ணைத் துடைத்தபடி.

எல்ஸ்பா அவசரமாகத் தன் கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள்.

ஹெர்போர்க் கையிலிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நடந்ததுதான். ஸோல்ருன் அறுபத்தொண்ணுன்னு எழுதித் தாளைத் திருப்பி அனுப்பினா. பின்னி அனுப்புனேன். பையனுக்கு அளவா இருக்காம்."

நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அதுக்குக் கீழேயே, 'ரெண்டாவது ஸ்வெட்டருக்கு x = 49'ன்னு எழுதியிருந்தா. அப்படி ஒரு பேத்தி இருக்கான்னே எனக்குத் தெரியாது."