சாத்துக்குடிப் பெட்டி

ஆஸ்பத்திரி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"ரூல்ஸ்மா. நான் என்ன பண்றது?"

ஒன்பது நாளாக இதே பதில். அரசு ஆஸ்பத்திரி காவலாளி அல்போன்ஸ் வாய் வலிக்காமல் சொல்வான்.

கொரோனா வார்டுக்குள் சொந்தக்காரர் யாருக்கும் அனுமதி இல்லை. மனைவிக்கும் இல்லை.

மாடியில் அவள் புருஷன் ஆக்சிஜனில் இருந்தார். ஐந்தாம் நாளே அவருடைய போன் அணைந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்காராம்" என்று அல்போன்ஸ் வந்து சொல்வதுதான் தகவல். முந்தாநாள் ஒருவரை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்களே, அவரைப் பற்றியும் அதற்கு முதல்நாள் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

ஒரு தடவை பார்த்தால் போதும். உயிரோடு இருக்கிறார் என்று தன் கண்ணால் பார்த்தால் போதும்.

அதற்குத்தான் ரூல்ஸ் குறுக்கே நின்றது.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது! கடைகளை நண்பகலோடு மூடச் சொன்னார்கள். கிருமி பன்னிரண்டு மணிக்குத்தான் வேலைக்கு வரும் போலிருக்கிறது. காலையில் மொத்த ஊரும் ஒரே மீன் சந்தையில் முட்டி மோதியது.

மூன்றாம் நாள் தம்பியின் பைக்கில் வந்தாள். ஒரு வண்டியில் இரண்டு பேர் போகக் கூடாதாம். பிடித்து, ஏற்கெனவே பன்னிரண்டு பேர் அடைந்திருந்த போலீஸ் வேனில் இருவரையும் ஏற்றினார்கள். ஏற்றி வைத்து, இடைவெளி விட்டு நிற்பது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார்கள்.

அன்றிலிருந்து நடந்துதான் வருகிறாள்.

பதினொரு மணிக்கு நான்கு கார்கள் வந்து நின்றன.

கட்சிக்காரர்கள். முப்பது பேராவது இருப்பார்கள். நோயாளிகளுக்குப் பழம் கொடுக்க வந்திருக்கிறார்களாம். கூடவே கேமரா.

கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்தன. அந்த இரண்டாவது கதவு திறந்து ஒன்பது நாளில் அவள் பார்த்ததே இல்லை. அல்போன்ஸ் விறைப்பாக ஒரு சல்யூட் வேறு அடித்தான்.

இப்போது எங்கேடா போனது உன் ரூல்ஸ் என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பிடிங்க."

யாரோ ஒரு பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். பெட்டி நிறைய சாத்துக்குடி.

வாயை மூடிக்கொண்டாள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். அல்போன்ஸ் கட்சித் தலைவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படிக்குக் கீழே கூட்டம் நின்றது. ஒரே ஒரு சாத்துக்குடியை ஏழு பேர் பிடித்துக் கொடுத்தார்கள். டாக்டர் வாங்கினார். படம் எடுத்தார்கள்.

"மிச்சத்த யாராச்சும் மேல வார்டுல குடுத்துருங்கப்பா" என்றார் தலைவர்.

முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

அவள் ஏறினாள்.

இரண்டு மாடி. பெட்டி கனத்தது. யாரும் தடுக்கவில்லை. வார்டு வாசலில் நீல உடுப்புக்குள் இருந்த நர்ஸ், அங்கேயே வை என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

வைத்தாள். நிமிர்ந்தாள்.

ஜன்னலோரம் நான்காவது கட்டில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாடி வெளுத்திருந்தது. ஆனால் அவர்தான். கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய கால்கள் தாமாக உள்ளே நடந்தன.

அவர் பார்த்துவிட்டார். கை மெல்ல உயர்ந்தது. கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். இல்லை. விரலை மூக்கில் வைத்துக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார்.

மூச்சு முட்டுகிறதோ?

"சிஸ்டர்!" என்று அலறினாள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். விரல் அவளைச் சுட்டியது. மறுபடியும் மூக்குக்குப் போனது.

அவள் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாடி ஏறியதில் மாஸ்க் மோவாய்க்கு இறங்கியிருந்தது.

ஏற்றிவிட்டாள். அவருக்குப் போதவில்லை. இரண்டு விரலால் மூக்குத்தண்டைக் கிள்ளிக் காட்டினார். அவளும் மாஸ்க்கை அந்த இடத்தில் அழுத்திவிட்டாள்.

அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் எதைச் சொன்னாலும், ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் அவள் இருந்ததில்லை.

அன்றைக்குக் கேட்கவில்லை.